ரைட் கிளிக்கும் காணாமல் போன புள்ளியும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் ஒரு வாரமாக என்னை மெஸ் வாசலில் மடக்கிக்கொண்டே இருந்தார். "நாளைய பாரதம் நம் கையில்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய மலரைப் புரட்டினால் அதே தலைப்பில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சரி, பாரதத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் ஒரு சின்ன விஷயத்தை எழுதுகிறேன். இணையப் பக்கத்தில் இருக்கிற ஒரு படத்தை ஒழுங்காக சேவ் பண்ண நமக்குத் தெரியவில்லை என்பதுதான் அது. சிரிக்காதீர்கள். எங்கள் பேட்ச் நான்கு பேரும் ரெவ்யூவில் நின்ற கோலத்தைக் கேட்டால் சிரிப்பு வராது... அல்லது ரொம்பவே வரும்.

நான் மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல், மூன்றாம் ஆண்டு. போன செமஸ்டரில் எங்கள் மினி புராஜெக்ட் தண்ணீர்த் தொட்டி அலாரம். தொட்டி நிரம்பினால் இரண்டு கம்பிகளையும் தண்ணீர் தொடும், டிரான்சிஸ்டர் ஆன் ஆகும், 555 ஐ.சி. கத்தும். 1972-ல் வந்த ஐ.சி. நம் தாத்தா காலத்துச் சரக்கு என்றாலும் இன்றைக்கும் லேபில் முதலில் கைக்கு வருவது அதுதான். புதுசாக ஒன்றும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கையால் சால்டர் செய்தது.

ரெவ்யூ அன்று ஹெச்.ஓ.டி. சார் முன்னால் பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் ஊற்றி இரண்டு கம்பியையும் முக்கினோம். கீச்சென்று கத்த வேண்டிய அலாரம் "கொர்ர்ர்ர்" என்றது. "என்னப்பா இது, அலாரமா தவளையா?" என்றார் சார். பின்னால் நின்ற மெக்கானிக்கல் பையன்கள் வரைக்கும் சிரித்தார்கள்.

"இரண்டாவது ரெசிஸ்டர் என்ன போட்டீங்க?"

"47 கிலோ ஓம்ஸ் சார்."

சார் எங்கள் ரிப்போர்ட்டை எடுத்தார். சர்க்யூட் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இது 47-ஆ, 4.7-ஆ?" என்று என்னையே கேட்டார். நானும் குனிந்து பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிப்பூச்சி படுத்திருந்தது. புள்ளி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

போர்டில் கணக்கு போடச் சொன்னார். முதல் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட். இரண்டாவது 4.7 கிலோ ஓம் என்றால் அலைவெண் சுமார் 1,385 ஹெர்ட்ஸ். நல்ல கூர்மையான விசில். 47 கிலோ ஓம் என்றால் சுமார் 152 ஹெர்ட்ஸ். தவளை. ஒரு புள்ளி தொலைந்ததில் ஒன்பது மடங்கு வித்தியாசம்! ஃபார்முலா எனக்குத் தலைகீழாகத் தெரியும், நண்பர்களே. ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் போதும். படத்தை நம்பினேன். அது என் தப்புதான்.

அன்றைக்கு சார் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும். பழைய சர்க்யூட் படங்களில் 4.7 கிலோ ஓம்ஸை "4கே7" என்று எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். அச்சிலும் நகலிலும் புள்ளி அழிந்துவிடும் என்பதால்தான் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அந்த எழுத்தை நடுவிலே நட்டார்களாம். படத்தை நகல் எடுத்தால் முதலில் சாவது புள்ளி என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. கையில் போன் வைத்திருக்கிற நமக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்தை நான் எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். உங்களில் முக்கால்வாசிப் பேர் இதே வழியில்தான் எடுக்கிறீர்கள். லேபில் உட்கார்ந்து தேடினேன். நல்ல படம் இருந்த பக்கத்தைத் திறந்து ரைட் கிளிக் செய்தால் "அனுமதி இல்லை" என்று ஒரு பெட்டி குதித்தது. திரும்பத் தேடல் பக்கத்துக்கே வந்து, அங்கே வரிசையாகத் தெரியும் சின்னப் படத்தின்மேல் ரைட் கிளிக், சேவ். வேலை முடிந்தது என்று கேன்டீனுக்குப் போய்விட்டேன். அந்தச் சின்னப் படம் 225 புள்ளி அகலம். அதை வேர்டில் ஒட்டி, மூலையைப் பிடித்து 5 அங்குலத்துக்கு இழுத்தேன். அப்படியானால் ஒரு அங்குலத்துக்கு 45 புள்ளி. அச்சில் எழுத்து தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சகத்தில் வழக்கமான கணக்கு. 5 அங்குலத்துக்கு 1,500 புள்ளி. நான் கொடுத்தது 225. தலையணை உறையை மெத்தைக்கு இழுத்துப் போட்ட கதை.

தேடல் பக்கத்தில் தெரிவது மூலப் படம் இல்லை, அதன் குட்டி நகல். முன்பு கூகுள் படத் தேடலில் மூலப் படத்தை நேராகத் திறக்க "வியூ இமேஜ்" என்று ஒரு பொத்தான் இருந்தது. 2018 பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டார்கள். புகைப்பட நிறுவனமான கெட்டி இமேஜஸோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தை ஒட்டி நடந்த மாற்றம் அது. அதிலிருந்து படம் இருக்கிற பக்கத்துக்கே போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. போகச் சோம்பல்பட்டவன் தவளை வளர்க்கிறான்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம்மைப் பார்த்து எனக்கு ஒரு கோபம். லேபில் ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்கிறோம்? சப்ளை வருதா, கிரவுண்ட் சரியா, ஐ.சி. திருப்பிப் போட்டிருக்கா என்று மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டே போகிறோம். டிப்ளமோக்காரன் என்றால் ஃபால்ட் கண்டுபிடிக்கிறவன் என்று வெளியே ஒரு பெயரே இருக்கிறது. அதே ஆள் பிரவுசர் முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகிறான்? மூன்று முறை ரிஃப்ரெஷ். நெட் சரியில்லை என்று ஒரு திட்டு. கடைசியில் ஸ்கிரீன்ஷாட். பியூஸ் போனால் ஏன் போனது என்று பார்க்காமல் கட்டுக்கம்பியைச் சுற்றி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சீனியர் அண்ணன் ஒருவர், "டேய், எக்ஸ்டர்னல் என்ன பூதக்கண்ணாடி வெச்சா பாக்கப் போறாரு, ஸ்கிரீன்ஷாட் போதும்டா" என்றார். பஸ் நேரம் அனுப்ப ஸ்கிரீன்ஷாட் போதும்தான், நானும் எடுக்கிறேன். ஆனால் 1,366 புள்ளி அகலத் திரையில் கால்வாசி இடத்தில் தெரியும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சுமார் 340 புள்ளிதான் கிடைக்கும். அந்தப் பக்கத்துக்குள்ளே 2,000 புள்ளிப் படம் இருந்திருந்தாலும் சரி.

பிரவுசரிலும் ஃபால்ட் கண்டுபிடிக்கலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கண்ணுக்குப் படமாகத் தெரிவது பிரவுசருக்கும் படமா? ரைட் கிளிக் செய்தால் மெனு வருகிறது, ஆனால் "சேவ் இமேஜ் ஆஸ்" மட்டும் அதில் இல்லையா? படம் பக்கத்தின் பின்புலமாகப் போடப்பட்டிருக்கலாம், அல்லது அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி விரிக்கப்பட்டிருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோலும் ஐ எழுத்தும் சேர்த்து அழுத்தினால் "பேஜ் இன்ஃபோ" திறக்கும். அதில் "மீடியா" என்ற பகுதியில் அந்தப் பக்கத்தின் படங்கள் அளவோடு வரிசையாக நிற்கும், கீழே சேவ் பொத்தானும் உண்டு. எனக்கு இது தெரிந்த அன்று மல்டிமீட்டரை முதல்முறை கையில் எடுத்த நாள் ஞாபகம் வந்தது. குரோமில் எஃப்12 அழுத்தி "நெட்வொர்க்" பகுதியில் படங்களை மட்டும் காட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினால், உள்ளே வருகிற ஒவ்வொரு படமும் பெயர் சொல்லிக்கொண்டு வரும்.

சில பக்கங்களில் கீழே உருட்டினால்தான் படம் ஏறும். அதுவரைக்கும் அங்கே இருப்பது சாம்பல் பெட்டியோ மங்கலான குட்டிப் படமோதான். அவசரக்காரன் அதை சேவ் பண்ணிவிட்டுப் போகிறான். கொஞ்சம் பொறுங்கள். போனில் எடுக்கிறவர்களுக்கு (நம்மில் பாதிப் பேருக்கு போன்தானே கம்ப்யூட்டர்) இன்னொரு சிக்கல். திரை சிறிது என்று தெரிந்துகொண்டு தளமே சிறிய படத்தை அனுப்பிவிடும். படத்தை அழுத்திப் பிடித்து "ஓப்பன் இமேஜ் இன் நியூ டேப்" கொடுத்து முகவரியைப் பாருங்கள். வேர்ட்பிரஸ்ஸில் கட்டிய தளங்களில் பெயரின் கடைசியில் "300எக்ஸ்200" மாதிரி அளவு ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் அதற்கு முன்னால் உள்ள கோட்டையும் அழித்தால் பல நேரம் முழுப் படம் வந்து நிற்கும். அப்படி எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி மறுபடியும் நசுக்காதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

சில சமயம் சேவ் ஆன மாதிரி இருக்கும், திறந்தால் "இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை" என்று வரும். தன் பக்கத்திலிருந்து கேட்டால் மட்டும் படம் கொடுப்பேன், நேரடியாக முகவரியைத் தட்டினால் கொடுக்க மாட்டேன் என்று சில சர்வர்கள் அடம்பிடிக்கும். படத்துக்குப் பதில் மறுப்புச் சொல்லும் ஒரு பக்கத்தை அனுப்பும், அது படத்தின் பெயரிலேயே வந்து உட்காரும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாய் என்று பிரவுசர் சொல்கிற அந்தத் தகவலுக்கு ஆங்கிலத்தில் "ரெஃபரர்" என்று பெயர். நெறிமுறையை எழுதியவர்கள் நடுவில் ஒரு "ஆர்" எழுத்தை விட்டுவிட்டார்கள். 1996-ல் வெளியான ஆவணத்திலேயே ஏறிய அந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோடுதான் இன்று வரை உலகம் பூராவும் ஓடுகிறது. கம்யூனிகேஷன் இங்கிலீஷில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் ஆறுதல் அடையலாம்!

ஒரு ஃபைல் உண்மையிலேயே என்ன என்று பார்க்க நோட்பேட் போதும். அதில் திறந்தால் குப்பை மாதிரி எழுத்து கொட்டும், பயப்படாமல் முதல் வரியை மட்டும் பாருங்கள். பிஎன்ஜி என்றால் ஆரம்பத்திலேயே அந்த மூன்று எழுத்தும் தெரியும். ஜிஃப் என்றால் "ஜிஐஎஃப்" என்று தொடங்கும். வெப்பி என்றால் முதல் நான்கு எழுத்து "ரிஃப்", சற்றுத் தள்ளி "வெப்பி". குப்பையே இல்லாமல் சுத்தமான ஆங்கிலமும் கோண அடைப்புகளுமாக வந்தால் அது இணையப் பக்கம், படமே இல்லை. மற்றபடி சி டிரைவ் நிரம்பியிருப்பது, ஃபைல் பெயரில் கேள்விக்குறி போடுவது (விண்டோஸ் ஏற்காது), ஐந்தாறு ஃபோல்டருக்குள் புதைத்துப் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டுவது எல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

தவளைக் கதையில் போனது மார்க்தான். அடுத்த கதையில் ஒரு வருஷமே போயிருக்கும்.

எனக்கு ஒரு தோழி. வீட்டில் முதல் டிப்ளமோ. நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், இரவு ஒன்பதரை மணி. போட்டோ ஏறவே மாட்டேன் என்கிறது. ஜேபிஜி மட்டும்தான் வாங்குமாம். ஸ்டுடியோ அண்ணன் அனுப்பிய லிங்க்கைத் திறந்து பிரவுசரில் சேவ் பண்ணியிருக்கிறாள், அது "ஜேஎஃப்ஐஎஃப்" என்று விழுந்திருக்கிறது. போனில் அழுகிறாள். "ஸ்டுடியோ பூட்டிட்டாங்க, பிரவுசிங் சென்டரும் பூட்டிட்டாங்க, அப்பாகிட்ட என்ன சொல்றது?" எனக்குத் தெரிந்திருந்தது தற்செயல். அது ஜேபிஜியேதான், பெயர்தான் வேறு. சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் பதிவேட்டில் ஜேபெக் படத்துக்கான வால் பெயர் அப்படிப் பதிவாகியிருக்கும், பிரவுசர் அதைப் பார்த்து அதே பெயரை வைத்துவிடும். பெயரின் வாலை மட்டும் ஜேபிஜி என்று மாற்றச் சொன்னேன். ஏறிவிட்டது. இப்போது அவள் கோவையில் படிக்கிறாள்.

இதைக் கேள்விப்பட்ட இன்னொரு நண்பன், பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று முடிவு கட்டிவிட்டான். பின்னணியை வெள்ளையாக்கித் தரும் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் தன் போட்டோவை மாற்றி சேவ் பண்ணினான். அது வெப்பியாக வந்தது. வாலை ஜேபிஜி என்று மாற்றினான். ஒரு தேர்வு விண்ணப்பத்தில் ஏற்றினான், ஏறியும்விட்டது. ஹால் டிக்கெட் வந்தபோது முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் கட்டம்! ஒரு போட்டோவை ஒட்டிக்கொண்டு கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துக்கு இரண்டு நாள் அலைந்தான். வெப்பி என்பது 2010-ல் கூகுள் கொண்டுவந்த வேறு வடிவம். ஜேபெக் 1992-ல் தரமாக்கப்பட்டது. இரண்டுக்கும் சுருக்கும் முறையே வேறு. பாமாயில் டின்னில் நல்லெண்ணெய் லேபிளை ஒட்டினால் நல்லெண்ணெய் ஆகிவிடுமா? ஜிம்ப் மாதிரி ஒரு மென்பொருளில் திறந்து (2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து அது வெப்பியைத் திறக்கும்) ஜேபெக்காக எக்ஸ்போர்ட் பண்ண வேண்டும். ஒரே வைத்தியம், ஒருவனுக்குப் பலித்தது, ஒருவனைக் கவிழ்த்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நோட்பேடில் பார்த்திருந்தால் அவனுக்கு அலைச்சல் இல்லை.

ரைட் கிளிக்கைத் தடுக்கிற தளங்களைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் மெனு வந்துவிடும், பெட்டி குதிக்காது. ஏனென்றால் படம் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, வந்ததால்தான் தெரிகிறது. அந்தத் தடை வெறும் அறிவிப்புப் பலகை மாதிரி. ஆனால் பலகையில் எழுதியிருப்பதை யோசிக்காமல் போகலாமா? வரைந்தவர் ஒருவர் இருக்கிறார். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் நகல் எடுக்க இடம் கொடுக்கிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை மாணவர்களுக்குச் சாதகமாகவே படித்தது. 2017-ல் பதிப்பாளர்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதனால் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் எடுத்ததற்காக உங்களை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. ஆனால் அடியில் "நன்றி" என்று ஒரு வரி எழுதாமல், நம் பெயரைப் போட்டு பைண்டிங் பண்ணுகிறோமே, அது எந்தப் பிரிவிலும் வராது. நானும் போட்டவன்தான். அந்தக் கம்பளிப்பூச்சிப் படத்தின் கீழே "எங்களால் வரையப்பட்டது" என்று இருந்தது. ஹெச்.ஓ.டி. சார் அதையும் படித்தார். புள்ளியை விட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது, 2004-லிருந்து. "ஒரிஜினல் ஃபைல்" என்ற இணைப்பைத் தட்டினால் முழு அளவில் கிடைக்கும். எஸ்விஜி வடிவில் இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் கோடு மங்காது. யார் பெயரைப் போட வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கும். சர்க்யூட் என்றால் என் கட்சி வேறு: எடுக்கவே எடுக்காதீர்கள், வரையுங்கள். கீகேட் இலவசம், தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் அலாரத்தை நான் அதில் வரைய ஒரு சாயங்காலம் ஆனது. வரையும்போதே அந்த 47 தப்பு என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது, ஃபார்முலா தானாக ஞாபகம் வருகிறது.

பேரவைக்கு என் கோரிக்கை ஒன்று உண்டு. லேபில் எஃப்12-ஐ முடக்கி வைத்திருக்கிறார்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் டவுன்லோட் ஃபோல்டர் காலி. காரணம் கேட்டால் "பசங்க கெடுத்துடுவாங்க" என்கிறார்கள். கெட்டுப் போனால் கண்டுபிடித்துச் சரிபண்ணக் கற்றுக்கொள்ளத்தானே மூன்று வருடம் ஃபீஸ் கட்டுகிறோம்? ஒரு மெஷினிலாவது திறந்துவிடச் சொல்லுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு ஒரே ஒரு பிராக்டிகல் பீரியட் கொடுத்தால் மேலே எழுதியது அத்தனையையும் நானே செய்து காட்டுகிறேன். கேன்டீன் டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

ரெவ்யூவில் 25-க்கு 11 வந்தது. திருத்திய சர்க்யூட்டை ஹாஸ்டல் மேல்தொட்டியில் மாட்டியிருக்கிறோம். தினமும் விடியற்காலை ஐந்தே காலுக்குத் தொட்டி நிரம்புகிறது. இரண்டாவது மாடிப் பசங்க ஜன்னலைத் திறந்து எங்கள் பேட்ச் நான்கு பேரையும் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். வார்டன் சார் மட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டு, "நல்லா கீச்சுனு கத்துதுடா" என்கிறார்.